பட்டையை மடக்காதீர்கள், சீவுங்கள்

மரவேலை: வாசகர் கேள்வி-பதில்

பதில் சொல்பவர்: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் கதவு, ஜன்னல் பட்டறை நடத்துகிறவர். பட்டறையின் பின்கட்டில் மரக் கப்பல் மாடல் செய்கிறவர்.

சென்ற இதழில் கப்பல் மாடல் பற்றி நாலு வரிதான் எழுதினேன். இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நிலைக்கதவு இறுகுகிறது, கட்டில் கிறீச்சிடுகிறது என்று எழுதியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அடுத்த மாதம். இந்த முறை பக்கம் முழுக்கக் கப்பலின் உடம்புக்குப் பலகை ஒட்டும் சங்கதிதான்.

கேள்வி: 1:64 அளவில், அதாவது நிஜக் கப்பலில் 64-ல் ஒரு பங்காக, ஒரு பாய்மரக் கப்பல் கிட் (பாகங்கள் வெட்டித் தயாராக வரும் பெட்டி) வாங்கினேன். மேல்தளத்தின் ஓரத்தில் தொடங்கிப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி வந்தேன். முதல் ஐந்தாறு அழகாகப் படிந்தன. அப்புறம் முன்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது, பின்பக்கத்தில் இடைவெளி விடுகிறது. நடுவில் மட்டும் ஒழுங்கு. பட்டை மோசமா, என் கை மோசமா?
*— ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலை ஊழியர், ஓசூர்*

இரண்டுமே மோசமில்லை. கப்பலின் உடம்பு நடுவில் பருத்து முன்னால் ஒடுங்குகிறது. பின்னால் அது வேறு மாதிரி விரிகிறது. அதன்மேல் நீங்கள் முனைக்கு முனை ஒரே அகலமுள்ள பட்டையை ஒட்டுகிறீர்கள். எங்கேயாவது இடித்துத்தானே ஆக வேண்டும்!

தொழிற்சாலையில் வெர்னியர் பிடிக்கிற கை உங்களுடையது, அதனால் கணக்காகவே சொல்கிறேன். ஒரு மெல்லிய காகிதக் கீற்றை எடுத்து, நடு வங்கின் மேல் தள ஓரத்திலிருந்து ஏராக்கட்டை வரை வளைத்துப் பிடித்துக் குறியுங்கள். (ஏரா என்பது அடியில் ஓடும் முதுகெலும்பு. வங்கு என்பது அதன் குறுக்கே நிற்கும் விலா. கிட்டில் இவை பிளைவுட் தகடுகளாக வரும்.) அந்த நீளம் 110 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பட்டையின் அகலம் 5 மி.மீ. என்றால் ஒரு பக்கத்துக்கு 22 வரிசை. இதே மாதிரி முன்பக்கத்து வங்கில் அளந்தால் 66 மி.மீ. வருகிறது. அங்கேயும் அதே 22 வரிசைதான் போக வேண்டும், ஆக ஒவ்வொன்றும் 3 மி.மீ. பின்பக்கத்தில் 121 மி.மீ. என்றால் ஒவ்வொன்றும் ஐந்தரை. உங்களிடம் இருப்பது 5 மி.மீ. பட்டை. முன்னால் இரண்டு மி.மீ. மிச்சம், பின்னால் அரை மி.மீ. குறைச்சல். நீங்கள் எழுதியிருக்கும் தொல்லை அத்தனையும் இந்த மூன்று எண்ணுக்குள் இருக்கிறது.

ஆகவே ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு வங்கின் விளிம்பிலும் 22 பங்காகப் பென்சில் கோடு போட்டுவிடுங்கள். பட்டை நடுவில் முழு அகலத்தில் இருக்கட்டும். முன்பக்கம் போகப்போக அந்தக் கோட்டுக்குத் தக்கபடி இழைப்புளியால் ஒரு ஓரத்தை மட்டும் சீவுங்கள். இடப் பக்கத்துக்கு ஒன்று, வலப் பக்கத்துக்கு ஒன்று என இரண்டு பட்டையைச் சேர்த்துப் பிடித்து ஒரே வாட்டில் சீவினால் இரண்டும் ஒரே அச்சாக வரும். சீவிய பட்டையை வங்குகளின் மேல் வைத்து விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். இழுத்துப் பிடிக்காமல் தானாகப் படிந்தால் சரி. நீங்கள் கையை எடுத்ததும் மேலேயோ கீழேயோ நழுவப் பார்த்தால், இன்னும் சீவ வேண்டும் என்று அர்த்தம்.

சீவுவதற்கும் ஓர் எல்லை உண்டு. பட்டையின் முனை பாதி அகலத்துக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் பட்டைக்கு அது இரண்டரை மி.மீ. கணக்கு அதற்கும் கீழே வந்தால், இரண்டு வரிசையை முன்னால் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். ஒரு பட்டை பாதியில் நின்றுவிடும், பக்கத்துப் பட்டை அதன் இடத்தையும் எடுத்துக்கொண்டு போகும். நிற்கிற பட்டையைக் கத்தி முனையாகக் கூராக்காதீர்கள், மொட்டையாக வெட்டி, அந்த மொட்டை முனை உட்காரப் பக்கத்துப் பட்டையில் ஒரு வெட்டு எடுங்கள். நிஜக் கப்பல் கட்டியவர்களும் இப்படித்தான் செய்தார்கள். கூரான நுனியில் ஆணி நிற்காது, கலப்பத்து (பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் நார் திணித்து அடைப்பது) அடித்தால் நுனி பிளந்துவிடும். பின்பக்கத்துக் குறைச்சலுக்கு ஆப்பு வடிவத் துண்டு ஒன்றைச் செருகுவார்கள். உங்களுக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று தேவைப்படும், தண்ணீருக்கு அடியில் வரும் பகுதியில் வையுங்கள்.

இன்னொரு விஷயம். மேலிருந்து கீழே ஒரே மூச்சாக வராதீர்கள். மேலே நாலைந்து வரிசை முடிந்ததும் அடிக்குப் போய், ஏராவை ஒட்டிய முதல் பட்டையைப் போடுங்கள். இந்தப் பட்டையின் முன்முனையை, கப்பலின் முன்னால் எழும்பி நிற்கும் மூக்குக்கட்டையின் மேல் ஏறவிடுவது எல்லோருக்கும் வருகிற ஆசை. அங்கே இடம் காலியாகத் தெரிவதால் பட்டையை மேலே இழுத்து நிரப்பத் தோன்றும். இழுத்தால் அதற்கு அடுத்து வரும் ஒவ்வொரு பட்டையும் இன்னும் மேலே வளைய வேண்டியதாகிவிடும். தாழ்வாகவே நிறுத்துங்கள். மேலிருந்தும் கீழிருந்தும் வந்து, வயிறு திரும்புகிற இடத்தில் இரண்டும் சந்திக்கட்டும். கடைசிப் பட்டைக்கு மட்டும் இடைவெளியைக் காகிதத்தில் ஒற்றி எடுத்து வெட்டுங்கள்.

ஒட்டியதை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒழுங்காக இருக்கும் ஐந்தாறை விட்டுவிடுங்கள். ஏறியிருப்பவை பெவிகாலில் ஒட்டியவை என்றால், ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியின் நுனியால் சூடு காட்டுங்கள். பசை இளகும், மெல்லிய கத்தியை நுழைத்துக் கிளப்பலாம். மிச்சமுள்ள இடத்துக்குப் புதிதாக அளந்து பங்கு போடுங்கள்.

கேள்வி: வங்குகளின் விளிம்பைச் சாய்வாகத் தேய்க்க வேண்டும் என்கிறார்கள். லேசரில் வெட்டி இவ்வளவு கச்சிதமாக வந்திருப்பதைத் தேய்க்க மனசு வரவில்லை.
*— காவேரிப்பட்டணம் வாசகர்*

மனசைத் தேற்றிக்கொண்டு தேய்த்துவிடுங்கள். லேசர் நேர்குத்தாக வெட்டும், கப்பல் நேர்குத்தாக இல்லை. அணியத்தில், அதாவது மூக்குப் பக்கத்தில், கடைசி இரண்டு மூன்று வங்குகளில் பட்டை சாய்வாக வந்து உட்காரும், அப்போது விளிம்பின் ஒரு மூலை மட்டும்தான் அதைத் தொடும். அந்த நூலளவு இடத்தில் பசை எதைப் பிடிக்கும்? ஒரு பட்டையை ஐந்தாறு வங்கின் மேல் படுக்கவைத்து, முழு விளிம்பும் தொடும்வரை தேயுங்கள். நடுவில் உள்ளவற்றை லேசாகத் தட்டிவிட்டால் போதும். லேசர் பட்ட விளிம்பு கருகிக் கரியாக இருக்கும், அந்தக் கரியின் மேல் பசை சரியாகப் பிடிக்காது. தேய்க்கும்போது அதுவும் போய்விடும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் பரிசல் முடைவார்கள். மூங்கில் சிம்பு சொன்ன பேச்சைக் கேட்டு வளைகிறது. கப்பல் பட்டையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டும் முறிகிறது. ஏன்?
*— பென்னாகரம் வாசகர்*

ஒகேனக்கல் பக்கத்து ஆள் நீங்கள், வளைப்பது பற்றி உங்களுக்கு நான் சொல்வதா! இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். பரிசலுக்கு எடுப்பது பச்சை மூங்கில். அதன் நார் முனைக்கு முனை நேராக ஓடுகிறது, பிளக்கும்போதே நாரோடு பிளக்கிறோம். கிட்டில் வரும் பட்டை காய்ந்த மரம், அதை வாளால் அறுத்திருக்கிறார்கள். வாள் நாரைப் பார்த்துப் போவதில்லை. நார் எங்கே பக்கவாட்டில் வெளியே ஓடுகிறதோ அங்கேதான் முறியும். வெளிச்சத்தில் பிடித்து, நார் நேராக ஓடும் பட்டைகளைப் பொறுக்கி மூக்குப் பகுதிக்கு ஒதுக்கிவையுங்கள். கோணல் நார் உள்ளவை நடுப்பகுதிக்குப் போகட்டும்.

ராத்திரி முழுக்க ஊறவைப்பதால் பெரிய லாபம் இல்லை. மரத்தை வளையவைப்பது சூடு. நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் ஈரத்தோடு சூடுபட்டால் இளகும், ஆறினால் மறுபடி இறுகும். ஒன்றரை மி.மீ. பட்டைக்குக் கொதிக்கும் தண்ணீரில் கால் மணி நேரம் போதும். ஒரு பக்கம் மூடிய பி.வி.சி. பைப்பை நிறுத்திவைத்து அதில் வெந்நீர் ஊற்றலாம். இட்லிக் கொப்பரை ஆவியிலும் காட்டலாம், வீட்டில் அனுமதி இருந்தால். எடுத்ததும் வங்குகளின் மேல் வளைத்துத் துணிக் கிளிப் போட்டு மறுநாள் வரை விடுங்கள். ஈரத்தோடு ஒட்டிவிடாதீர்கள். ஊறிய பட்டை அகலத்தில் உப்பியிருக்கும், காய்ந்ததும் சுருங்கி, பட்டைக்குப் பட்டை மயிரிழை இடைவெளி விட்டுவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பட்டையை அதன் தட்டை முகத்தில் வளைக்கலாம், ஓரத்தில் வளைக்கக் கூடாது. 5 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. கனம் உள்ள பட்டை, ஓரவாக்கில் 11 மடங்கு விறைப்பாக இருக்கும். அகலத்தைக் கனத்தால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கினால் இந்தக் கணக்கு வரும். மூங்கில் சிம்பும் அப்படித்தான், யாரும் அதை ஓரவாக்கில் மடக்கிப் பரிசல் பின்னுவதில்லை. ஓரவாக்கில் வளைவு வேண்டும் என்றால் சீவித்தான் கொண்டுவர வேண்டும். அதுவும் போதாத இடத்தில் அகலமான தகட்டிலிருந்து அந்த வளைவையே வெட்டி எடுக்க வேண்டும்.

கேள்வி: கிட் விலை கட்டுப்படியாகவில்லை. நம் பக்கம் கிடைக்கிற மரத்தில் பட்டை அறுத்துக்கொள்ளலாமா? எங்கள் தோப்பில் வெட்டிய மாமரம் கிடக்கிறது.
*— மா விவசாயி, ஊத்தங்கரை*

மாமரத்தைக் கப்பல் நிற்கும் பீடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த மாம்பலகையில் மெழுகு ஏற்றினால் பார்க்க லட்சணமாக இருக்கும். பட்டைக்கு அது ஆகாது. நார் பின்னிப் பின்னி ஓடும், சீவினால் பிய்யும், சீக்கிரம் உளுத்தும் போகும்.

தேக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். நிஜக் கப்பலுக்குத் தேக்கு ராஜா, மாடலுக்கு இல்லை. 1:64-ல் தேக்கின் துளைகள் கண்ணுக்கு வெடிப்பு மாதிரித் தெரியும். மாடலுக்கு வேண்டியது துளை தெரியாத, நெருங்கிய நார் உள்ள மரம். அதனால்தான் கிட் செய்கிறவர்கள் உள் அடுக்குக்கு லைம், பாஸ்வுட் என்ற வெளிநாட்டு மரங்களைக் கொடுக்கிறார்கள்.

நம் காட்டில் வெப்பாலை இருக்கிறது. வெள்ளையாக, தந்தம் மாதிரி வழவழப்பாக வரும். பெங்களூரு-மைசூரு சாலையில் இருக்கும் சென்னபட்டணத்தில் கடைசல் பொம்மை செய்வது இந்த மரத்தில்தான். மஞ்சக்கடம்பும் நல்லது, மஞ்சள் நிறம், ஒரே சீரான நார். இதற்காகக் காட்டுக்குள் அரிவாளோடு போய்விடாதீர்கள், வனத்துறை பிடித்தால் கப்பல் கரை சேராது. கடைசல் பட்டறைகளில் தள்ளிவிடும் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு முழத் துண்டு கிடைத்தாலே போதும், ஏனென்றால் பட்டை நீளமாக இருக்க வேண்டியதே இல்லை. நிஜக் கப்பலில் முன்னிருந்து பின்வரை ஒரே பலகை ஓடாது. 24 அடிப் பலகை என்றால் 1:64-ல் நாலரை அங்குலம், அவ்வளவுதான். துண்டுகள் சேரும் மூட்டு ஒரு வங்கின் மேல் வர வேண்டும். அதே வங்கில் அடுத்த மூட்டு வருவதற்குள் நடுவே மூன்று முழு வரிசையாவது போயிருக்க வேண்டும்.

அறுப்பதில் ஒரு நஷ்டம் உண்டு. பட்டறை ரம்பத்தின் பல் இரண்டு, மூன்று மி.மீ. தின்றுவிடும். ஒன்றரை மி.மீ. பட்டை எடுக்க அதைவிட அதிகம் தூளாகப் போகும். அதனால் உள் அடுக்குக்கு எதையாவது ஒட்டித் தேய்த்துவிட்டு, வெளி அடுக்குக்கு வீனியர் (மெல்லிதாகச் சீவிய மரத்தாள்) போடலாம். பிளைவுட் கடையில் அரை மி.மீ. அளவில் கிடைக்கும், ஓரத்துண்டு கேட்டால் சில கடைகளில் சும்மாவே கொடுப்பார்கள். இரும்பு ஸ்கேல் வைத்துக் கத்தியால் கீறி எடுத்தால் பட்டை தயார். ஐஸ் குச்சி போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் அகலக் குச்சி இந்த அளவில் இரண்டடிக்கு மேல் அகலமுள்ள பலகை ஆகிவிடும். நடுவில் இரண்டாகக் கிழித்தால் ஒப்புக்கொள்ளலாம்.

கேள்வி: பெவிக்விக் வைத்தால் பத்து விநாடியில் பிடித்துக்கொள்கிறதே, பெவிகாலுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?
*— வாசகி, பாலக்கோடு*

அவசரத்துக்கு முனையில் ஒரு சொட்டு, சரி. முழுக்க அதிலேயே ஒட்டினால் இரண்டு சங்கடம் வரும் அம்மா. வைத்த இடத்திலிருந்து நகர்த்த முடியாது. கசிந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும், அங்கே பாலிஷும் ஏறாது. நான் செய்வது இப்படி: வங்குகளின் மேல் பெவிகால், இரண்டு வங்குக்கு நடுவே பட்டையின் ஓரத்திலும் ஒரு கீற்று பெவிகால், மூக்கில் மட்டும் ஒரு சொட்டு பெவிக்விக். கசிந்த பெவிகாலை உடனே ஈரத்துணியால் துடையுங்கள். விட்டுவிட்டால் உப்புத்தாள் போடும்போது ரப்பராக உருண்டு தாளை அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: பலகை ஒட்டி முடித்துப் பார்த்தால் கப்பலின் மூக்கு இடப் பக்கம் திரும்பியிருக்கிறது. சரி செய்ய வழி உண்டா?
*— பர்கூர் வாசகர்*

முடித்த பிறகு வழி இல்லை. ஒரு பக்கம் முழுக்க ஒட்டிவிட்டு மறுபக்கம் போயிருப்பீர்கள். காய்கிற பட்டை இழுக்கும், மெல்லிய ஏரா அந்தப் பக்கம் வளையும். இடம் ஒன்று, வலம் ஒன்று என மாற்றி மாற்றித்தான் ஒட்ட வேண்டும். அடுத்த கப்பலுக்கு: உங்கள் ஊரில் கிரானைட்டுக்குப் பஞ்சமா? பாலிஷ் போட்ட ஓரத்துண்டு ஒன்று வாங்கி மேசைமேல் போடுங்கள், எந்த மரப் பலகையையும்விட மட்டமாக இருக்கும். வங்கு ஒட்டுவதற்கு முன் ஏராவை அதில் படுக்கவைத்துப் பார்த்தால் கோணல் உடனே தெரியும். கோணல் இருந்தால் ஈரம் காட்டி, மேலே இன்னொரு கல்லை ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். ஒட்டும்போதும் ஐந்தாறு வரிசைக்கு ஒருமுறை முன்முனைக்கும் பின்முனைக்கும் நூல் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: கண்காட்சிக்கு ஒரு கப்பல் செய்ய ஆசை. "கடலே இல்லாத தருமபுரியில் கப்பலா?" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். புதியவனுக்குச் சுலபமான கப்பல் எது, ஐயா?
*— கல்லூரி மாணவர், தருமபுரி*

கேலி செய்பவர்களிடம் டிரிங்கோமலி என்ற கப்பலைப் பற்றிச் சொல்லுங்கள் தம்பி. பிரிட்டிஷ் கடற்படைக்காக பம்பாயில் வாடியா குடும்பத்தார் கட்டியது, 1817-ல் கடலில் இறங்கியது. இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் மலபார் தேக்கில் கட்டினார்கள். அதன் வரைபடத்தை ஏற்றி வந்த ஜாவா என்ற கப்பல் 1812-ல் அமெரிக்கர்களோடு நடந்த சண்டையில் போய்விட்டது, மறுபடி படம் வரவழைத்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள். இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அது தண்ணீரில் நிற்கிறது. அந்தத் தேக்கு வளர்ந்த மலையிலும் கடல் இல்லை.

ஆனால் முதல் முயற்சிக்கு அதைத் தொடாதீர்கள். உருண்டை மூக்குள்ள பெரிய போர்க்கப்பல்கள் எல்லாமே கஷ்டம், அணியத்தில் பட்டை ஒரு சாண் தூரத்துக்குள் முழுத் திருப்பம் திரும்ப வேண்டும். கூரான மூக்குள்ள சின்ன மீன்பிடிப் படகோ, ஒற்றைப் பாய்மரக் கப்பலோ எடுங்கள். இன்னொரு உபாயமும் சொல்கிறேன். கடல் புழு அரிக்காமல் இருக்க அந்தக் காலக் கப்பல்களின் அடியில் செம்புத் தகடு அடிப்பார்கள். 1765-ல் கடலில் இறங்கிய விக்டரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கும் 1780-ல் அடித்தார்கள். அப்படிப்பட்ட கப்பல் என்றால், தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே உங்கள் ஒட்டு வேலை எப்படி இருந்தாலும் செம்பு நாடா மூடிவிடும். தகடு நாலடி நீளம், பதினாலு அங்குல அகலம். 1:64-ல் 19 மி.மீ.-க்கு ஐந்தரை. மூடுகிறோமே என்று மேடு பள்ளத்தை விட்டுவிடாதீர்கள், செம்பு பளபளப்பில் மேடு இரண்டு மடங்காகக் காட்டும். மரத்தூளையும் பெவிகாலையும் குழைத்துப் பள்ளத்தில் அப்பி, காய்ந்ததும் 80, 120, 220 எண் உப்புத்தாள் என்று வரிசையாகப் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் கண்ணுக்குத் தெரியாத மேடும் தெரியும்.

கேள்வி: பலகையில் ஆணி அடித்த மாதிரி காட்ட பித்தளைக் குண்டூசி அடிக்கலாமா?
*— ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், அரூர்*

குண்டூசித் தலை ஒரு மி.மீ. இருந்தால், 1:64-ல் இரண்டரை அங்குலத் தலை ஆகும். கதவுக் குமிழ் அடித்த மாதிரி தெரியும். அந்தக் காலப் பலகைகளை வங்கோடு பிணைத்தது பெரும்பாலும் மர ஆணிதான், ஒன்றரை அங்குலப் பருமன் என்று வைத்தால் மாடலில் 0.6 மி.மீ. ஊதுபத்திக் குச்சியின் மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, தங்க ஆசாரிகள் கம்பி இழுக்கும் துளைத் தகட்டில் பெரிய துளையிலிருந்து சின்னத் துளைக்கு ஒவ்வொன்றாக இழுங்கள். குச்சியின் நுனியைக் கூராக்கி, சாமணத்தில் பிடித்து நிதானமாக இழுத்தால் அறுபடாமல் வரும். 0.6 துரப்பணத்தால் துளையிட்டு, பெவிகாலில் தொட்டுச் செருகி, வெளியே நீட்டி நிற்பதைப் பலகை மட்டத்துக்குப் பிளேடால் நறுக்குங்கள். முதலில் ஒரு வரிசை மட்டும் செய்து பாலிஷ் போட்டுப் பாருங்கள். மூங்கில் முனை பாலிஷை அதிகம் குடித்துக் கறுத்துவிட்டால், மற்ற வரிசைகளுக்குப் பாலிஷுக்கு முன் ஒரு கை ஷெல்லாக் (அரக்குக் கரைசல்) பூசிக்கொள்ளுங்கள்.